ஒரு நிமிடத்தில் ஓடிவிடும் நட்சத்திரம்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். இது எனக்கு நடந்தது. நான் தையல்காரி. அளவெடுக்காமல் எதையும் வெட்டாதவள். இதையும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் வேலை. அதனாலோ என்னவோ, பொழுது சாய்ந்தால் மொட்டை மாடியில் தன் தொலைநோக்கியோடு உட்கார்ந்துவிடுவார். அன்ன மண்டலத்தின் அலகில் ஒரு நட்சத்திரம் உண்டு. வெறும் கண்ணுக்கு ஒன்றுதான். குழாய் வழியே பார்த்தால் இரண்டு. ஒன்று பொன் மஞ்சள், அதை ஒட்டிச் சின்னதாக ஒரு நீலம். "பெரிய மஞ்சள் நான், குட்டி நீலம் நீ" என்பார். "எடை போட்டுப் பாத்தா மாத்தித்தான் சொல்லணும்" என்பேன்.

அந்தத் தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. பூமி சுற்றுகிறதல்லவா, ஒரு நிமிடத்தில் நட்சத்திரம் ஓரத்துக்கு நகர்ந்து மறைந்துவிடும். நான் பார்க்கும்போதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று, குழாயை ஒற்றை விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார். எனக்காக.

மூன்று மாதத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை. மணி 7.20. மாடியிலிருந்து குரல்.

"ஏம்மா... மேல வாயேன்."

"காலர் தைச்சிட்டிருக்கேங்க. உங்க நட்சத்திரம் எங்க ஓடிப்போகுது?"

"ஒரு நிமிஷத்துல ஓடிடும்" என்று எப்போதும் பதில் சொல்வார். அன்று சொல்லவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டார். நான் மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

எட்டு மணிக்கு மேலே போனேன். தொலைநோக்கி பக்கத்தில் சுருண்டு கிடந்தார். கையில் அதைத் துடைக்கிற துணி. மாரடைப்பு என்றார்கள்.

ஆசையாகக் கூப்பிட்ட மனுஷனுக்கு ஒரு நிமிடம் ஒதுக்கவில்லையே என்று அழுது தீர்த்தேன். பிடித்ததைப் பார்த்துக்கொண்டே போனார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஒரு ஆறுதலில்தான் நாட்களை ஓட்டினேன்.

போன வியாழக்கிழமை. அவருக்குப் பதிலாக நானாவது அதைப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. 7.05க்குத் தொலைநோக்கியை மாடிக்குத் தூக்கினேன். லேசாக இருந்தது. துக்கத்தில் கனம் தெரியவில்லை என்று நினைத்தேன்.

7.20. கண்ணை வைத்தேன்.

மஞ்சள். நீலம். சரியாக நடுவில்.

எண்ண ஆரம்பித்தேன். முப்பது... அறுபது... நகரவில்லை.

இரண்டு நிமிடம். ஐந்து நிமிடம்...

என் இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

டிக்.

குழாயில் மெல்லிய சத்தம். விரல் நகம் படுவது போல... டிக்.

காதோரம் கிரீஸ் வாசனை.

"ஏங்க..."

டிக்.

"வந்துட்டேங்க. மன்னிச்சிடுங்க..."

சத்தம் நின்றது.

மஞ்சள் மட்டும் நகர்ந்தது. ஓரத்துக்குப் போனது. மறைந்தது.

நீலம் அங்கேயே நின்றது.

7.31.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது.

மறுநாள் காலை பத்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. லென்ஸ் கடைக்காரர். கையில் ஒரு பொட்டலம்.

"சார் போன் ஆஃப்லயே இருக்கும்மா. தொலைநோக்கிக் கண்ணாடிக்குப் புதுப் பூச்சு போட்டு ரெண்டு மாசமாச்சு. அதான் நானே கொண்டுவந்தேன்."

விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவர் முகம் வாடிவிட்டது. கண்ணாடியை மாட்டியாவது தருகிறேன் என்று மாடிக்கு வந்தார். குழாயின் அடி மூடியைக் கழற்றினார். உள்ளே எதுவும் இல்லை. குழாய் வழியே எதிர்ச்சுவர் தெரிந்தது.

"நேத்து இதுல நட்சத்திரம் பாத்தேனே..."

"கண்ணாடி இல்லாம இது வெறும் குழாய்மா. ஒண்ணுமே தெரியாது."

ரசீதை நீட்டினார். கண்ணாடியை என் வீட்டுக்காரர் கடையில் கொடுத்த தேதி அதில் இருந்தது.

அவர் இறந்த அதே வியாழக்கிழமை. காலை 9.40.

அப்படியானால் அன்று சாயங்காலம் மாடியில் பார்க்க ஒன்றுமே இல்லை.

அவர் என்னை நட்சத்திரம் பார்க்கக் கூப்பிடவில்லை.