கிராஃப் படிக்கும் வேதா

கிராஃப் தாள் கைக்கு வந்ததும் வேதா மேடம் முதலில் குழந்தையின் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்வார். பிறகு தாளைக் கை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடுவார். அந்த நேரம் பார்த்து யாராவது, "பாவம் மேடம், இந்தக் குழந்தை..." என்று ஆரம்பித்தால் போச்சு.

"நக்கோ, வேண்டாம்! குழந்தையைப் பத்தி அப்புறம். புள்ளி எங்க ஏறுது, எங்க இறங்குது, அதை மட்டும் சொல்லுங்க."

செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். முப்பதைத் தாண்டியிருக்கமாட்டார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் ஆசிரியைகளுக்கு கிராஃப் படிக்கச் சொல்லித்தர லோத்குண்டா பள்ளிக்கு வந்திருந்தார். பேசும்போது சாக்பீஸைக் காதில் செருகிக்கொள்ளும் பழக்கம் வேறு. மெட்டுகுடாவிலிருந்து வரும் ருக்மிணி டீச்சருக்கு முதல் நாள் சிரிப்புத் தாங்கவில்லை.

"இத்தனை வருஷமா குழந்தைகளோட மாரடிக்கறேன். இந்தப் பொண்ணு எனக்குக் கோடு போடச் சொல்லித் தரதாம்" என்று பக்கத்திலிருந்த ரமா டீச்சரின் காதைக் கடித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தபோது சிரிப்பெல்லாம் போயிருந்தது. ருக்மிணியின் வகுப்புச் சிறுமி அன்னக்கிளியைத் தானாகச் சாப்பிடப் பழக்க ஆரம்பித்து மாதக்கணக்காயிற்று. புள்ளி ஒரு நாள் மேலே நிற்கும், மறுநாள் அடியில் கிடக்கும். சனிக்கிழமை நடக்கும் பள்ளிக் கூட்டத்தில் முன்னேற்றம் காட்டாவிட்டால் அவள் இடம் வேறு குழந்தைக்குப் போய்விடும். வேறெந்தப் பள்ளியும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

வேதா மேலே நின்ற புள்ளிகளை மட்டும் சிவப்புப் பென்சிலால் சேர்த்தார். கோடு ஜம்மென்று ஏறியது.

"இந்த நாள்லல்லாம் என்ன சாப்பாடு?"

"உப்புமா, பொங்கல்."

"கீழ இருக்கிற நாள்ல?"

"ரசம் சாதம், சாம்பார் சாதம். அன்னிக்கு ஸ்பூனைத் தொடவே மாட்டா மேடம்."

"ஹவ், சரி, அப்போ யார் ஊட்டினாங்க?"

"யாரும் ஊட்டலை. கையாலயே அள்ளிச் சாப்பிட்டுடுவா. ஆனா ஆபீஸ்ல ஸ்பூனைத்தானே எண்ணச் சொல்லியிருந்தா. அதான் சைபர் போட்டேன்." சொல்லும்போதே ருக்மிணிக்குக் குரல் இறங்கியது. சற்று முன்தான் அவரே மோர் சாதத்தைக் கையால் பிசைந்து சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்.

குழந்தையைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. நாலு புள்ளியை வைத்துக்கொண்டு அவள் தட்டுவரைக்கும் போய்விட்டாளே இந்தப் பெண்! தினமும் பக்கத்தில் உட்கார்ந்தும் ருக்மிணிக்கு அது கண்ணில் படவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் வேதா வகுப்புக்கே வந்தார். பெயரை நீக்கக் கையெழுத்துப் போட வேண்டிய செயலாளர் சக்ரபாணியையும் கையோடு கூட்டிவந்திருந்தார். தட்டில் ரசம் சாதம். ஸ்பூனோ கையோ, தானாக எடுத்த ஒவ்வொரு வாய்க்கும் ருக்மிணி ஒரு கோடு கிழித்தார். யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல் அன்னக்கிளி தட்டை வழித்து முடித்தாள். சக்ரபாணி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

புள்ளி வைக்கப் போனால் தாளில் இடமில்லை.

"மேடம், மேல கட்டமே இல்லையே! இவ்வளவு தூரம் போவாள்னு யாரு நினைச்சா?"

வேதா இன்னொரு கிராஃப் தாளை எடுத்தார். கோந்து பாட்டில் காய்ந்து கிடந்தது. தன் டிபன் டப்பாவைத் திறந்து, நாலு சோற்றுப் பருக்கையை விரலால் நசுக்கிப் பழைய தாளின் தலையில் தடவி, புதுத் தாளை அதற்கு மேலே ஒட்டி அழுத்தினார்.