இதழ் உதிராத மார்ச்

மார்ச் பிறந்தால் எங்கள் மீன் ஆலையின் வானொலியில் பூ உதிரத் தொடங்கிவிடும். வெளியே, ஜப்பானின் வடகிழக்கு மூலையில் கிடக்கும் எங்கள் நெமுரோ துறைமுகத்தில் பனிப்பாளங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். உள்ளே ஒலிபெருக்கியில், பள்ளிகள் முடிகிற மாதம் என்பதால், யாரோ ஓர் இளைஞன், செர்ரி இதழ்கள் சுழன்று விழும் பள்ளி வாசலில் நின்று நண்பர்களுக்கு விடைகொடுத்துக்கொண்டிருப்பான். அவன் பாடி முடித்ததும் ஒரு பெண் வருவாள். அவளுக்கும் அதே பூ, அதே வாசல். புது ஊர், புது வாழ்க்கை என்று போய்விடுவாள்.

“ஆரம்பிச்சுட்டாங்கடி,” என்பாள் இசோகோ, காட் மீனின் வயிற்றைக் கீறியபடியே. “நம்ம ஊர்ல மே மாசம் பாதி போனாத்தான் மரத்துல பூவையே பாக்கலாம். இவன் எந்த வாசல்ல நிக்கிறானாம்? இந்நேரம் காது விறைச்சுப் போயிருக்கும்.”

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டுச் சிரிப்போம். வருடா வருடம் இதே பேச்சுதான். ஆனாலும் அவள் வாயால் கேட்கும்போது சிரிப்பு வரும்.

இசோகோ பதினைந்து வயதில் ஆலைக்கு வந்தவள். நடுநிலைப் பள்ளியை அவள் முடித்த அன்று கடும் பனிப்புயல். சாலையெல்லாம் மூடிப்போய் விடைபெறும் விழாவே நடக்கவில்லை. சான்றிதழை ஆசிரியர் பிறகு ஒருநாள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தபோது அவள் இங்கே ரப்பர் பூட்ஸுடன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். வகுப்போடு சேர்ந்து விடைபெறும் பாட்டைப் பாடாமலே பள்ளியைவிட்டு வந்தவள் அவள்.

“அந்தக் கோபம்தானே உனக்கு?” என்று நான் சீண்டுவேன்.

“கோபமெல்லாம் இல்ல மிட்சுயோ. பொய் சொன்னா பிடிக்காது. அவ்வளவுதான்.”

அவளுக்கு ஒரே மகள், யுகாரி. மகளின் அப்பா நோயில் போனபோது யுகாரி ஆரம்பப் பள்ளியில்கூடச் சேர்ந்திருக்கவில்லை. தாயும் மகளுமாகவே அந்த வீடு ஓடியது. யுகாரிக்குப் பியானோ என்றால் உயிர். வீட்டில் பியானோ ஏது? பள்ளியில் இருந்ததில் வாசிப்பாள். வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டு மேசைமேல் விரல்களை ஓட்டுவாள்.

“மேசை தேஞ்சிடப் போவுதுடி. நாளைக்குச் சோத்தை மடியில வச்சுத்தான் தின்னணும்,” என்பாள் இசோகோ. அப்படிச் சொல்லிவிட்டு, மகள் விரல் ஓடும் இடத்திலிருந்து கிண்ணத்தை மெதுவாக நகர்த்தி வைப்பாள்.

மேல்நிலைப் பள்ளி முடிகிற வருடம் யுகாரியின் வகுப்பு விடைபெறும் விழாவுக்கு ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்த வசந்தத்தில் நாடெங்கும் எல்லோர் வாயிலும் இருந்த பாட்டு அது. பியானோ யுகாரி. விழாவுக்கு என்னையும் வரச்சொல்லியிருந்தாள். இசோகோ தன் ஒரே கறுப்பு உடையை மாட்டிக்கொண்டு, மடிப்பு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள்.

பிள்ளைகள் பாடினார்கள். பாதிப் பேர் அழுதுகொண்டேதான் பாடினார்கள். இதழ்கள் பொழியும் வரி வந்த அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு மடி பனியை வாரி ஜன்னல்மேல் அடித்தது. சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது.

இசோகோ சிரித்துவிட்டாள்.

சின்னச் சிரிப்பல்ல, வாய்விட்ட சிரிப்பு. முன்வரிசைத் தலைகள் திரும்பின. பியானோ ஒரு கணம் நின்றது. பிள்ளைகளின் குரல் மட்டும் தனியாகத் தள்ளாடியது. பிறகு விரல்கள் மறுபடி ஓடின. பாட்டு முடியும்வரை யுகாரி தலைநிமிரவில்லை.

அன்று வீட்டில் நடந்ததை இசோகோவே என்னிடம் சொன்னாள்.

“ஏம்மா சிரிச்ச?” என்று கேட்டிருக்கிறாள் மகள்.

“பின்ன? வெளிய பூவாடி கொட்டுச்சு?”

“உனக்கு எல்லாமே பொய். நான் ஊரைவிட்டுப் போறேன்ல, அது மட்டும் நிஜம்.”

மழலையர் பள்ளி ஆசிரியைப் பயிற்சிக்கு யுகாரி தெற்கே சென்டாய் நகரத்துக்குப் போனாள். பஸ் நிலையத்தில் இசோகோ நின்ற பக்கத்து ஜன்னலை விட்டுவிட்டு, மறுபக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அதன்பிறகு புத்தாண்டுக்கு ஒரு வாழ்த்து அட்டை. எப்போதாவது ஒரு போன். குளிரா, சாப்பிட்டியா என்பதோடு முடிந்துவிடும். படிப்பு முடிந்து அங்கேயே ஒரு பள்ளியில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். ஊர்ப்பக்கம் வரவில்லை.

ஒருநாள் இடைவேளையில் தேநீர்க் கோப்பையைப் பார்த்தபடி இசோகோ சொன்னாள்: “அன்னிக்கு எனக்கு அழுகைதான் வந்துச்சு மிட்சுயோ. பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அந்தப் பனி வந்து அடிச்சுதா, எப்படியோ சிரிப்பா வெளிய வந்துடுச்சு.”

“இதை அவகிட்டச் சொல்லேன்டி.”

“போன்ல இதெல்லாம் எப்படிச் சொல்றது?”

அடுத்த மார்ச்சில் அவள் விடுப்புக் கேட்டாள். ஆலையே வாயைப் பிளந்தது. அவள் விடுப்பு எடுத்து யாரும் பார்த்ததில்லை.

“சென்டாய் போறேன். பூவை நேர்ல பாத்துட்டு, ஆமாடி, பாட்டு நிஜம்தான்னு அவகிட்டச் சொல்லிடறேன். அப்புறம் மத்தது தானா வரும்.”

பூ எந்த ஊர்வரை வந்தது என்று தொலைக்காட்சியில் வரைபடம் காட்டுவார்கள்தான். எங்கள் ஊருக்கு வர நாளாகும் என்பதால் நாங்கள் அதை ஒழுங்காகப் பார்த்ததே கிடையாது. தெற்கே போனால் பூ இருக்கும் என்றே எல்லோருக்கும் நினைப்பு. உப்புப்போட்ட சால்மன் மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்து நாங்களும் அனுப்பிவைத்தோம்.

பஸ்ஸும் விமானமுமாகப் போய் இறங்கினால், சென்டாயில் மழையும் பனியும் கலந்து தூறிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையில் வரிசையாகச் செர்ரி மரங்கள். எல்லாம் மொட்டைக் கிளைகள். நாயோடு போன ஒருவரை நிறுத்திக் கேட்டாள்.

“பூவா? இன்னும் ரெண்டு மூணு வாரமாவது ஆகும்மா,” என்றார் அவர்.

பூ இல்லாமல் மகளிடம் என்ன பேசுவது? திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாளாம். ஆனால் சால்மன் இருக்கிறதே.

பள்ளி வாசலுக்கு யுகாரி ஏப்ரனோடு ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. “அம்மா! என்ன ஆச்சு? யாருக்கு என்ன?”

“ஒண்ணும் ஆகல. பூ பாக்க வந்தேன்.”

“பூவா? மார்ச்லயா?”

“பாட்டுல அப்படித்தானே வருது.”

யுகாரி அம்மாவையே பார்த்தாள். “இங்க ஏப்ரல்லதான்மா. டோக்கியோவுலகூடப் பள்ளி விழா அன்னிக்குப் பெரும்பாலும் மொட்டுதானாம். எங்க காலேஜ்ல எல்லா ஊர்ப் பொண்ணுங்களும் அப்படித்தான் சொன்னாங்க.”

“அப்ப எந்த ஊருக்குன்னுதான் எழுதினாங்க?”

“தெரியலம்மா. போகப்போற இடத்துல பூத்திருக்கும்னு நினைச்சுப் பாடுவாங்களோ என்னவோ.”

அங்கேயே, தூறலில் நின்றபடி, இசோகோ சொல்லவந்ததைச் சொல்லிவிட்டாள். அழுகை சிரிப்பாகிப் போனதை. யுகாரி கேட்டாள்: “அன்னிக்கே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?”

“அன்னிக்கு நான் அழுதிருந்தா, நீ பஸ் ஏறியிருக்க மாட்ட.”

மகள் அம்மாவின் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். “கையெல்லாம் ஐஸா இருக்கு. உள்ள வா. நாளைக்கு எங்க பிள்ளைங்க விழா. இருந்து பாத்துட்டுத்தான் போகணும்.”

மறுநாள் குட்டி நாற்காலி ஒன்றில் முழங்கால் மோவாயில் இடிக்க இசோகோ உட்கார்ந்திருந்தாள். பல் விழுந்த பிள்ளைகள் வாயை அகலத் திறந்து, போகப்போகும் ஆரம்பப் பள்ளியைப் பற்றிப் பாடின. யுகாரியின் பியானோ ஓரிடத்திலும் நிற்கவில்லை. இசோகோ மூக்கு ஒழுக அழுதாள். பக்கத்திலிருந்த ஒரு தாய் கைக்குட்டை நீட்டி, “உங்க பேத்தி எது?” என்று கேட்டாளாம்.

“எம்மவ. அதோ, பியானோகிட்ட இருக்கிற பெரிய பிள்ளை,” என்றாளாம் இவள்.

இப்போது யுகாரி கோடை விடுமுறைக்கெல்லாம் வருகிறாள். வந்த அன்று கொஞ்சுவார்கள். மறுநாள் சால்மனில் உப்பு அதிகம் என்று சண்டை போடுவார்கள்.

இசோகோ போன ஏப்ரலில் ஊர் மகளிர் பாடகர் குழுவில் சேர்ந்தாள். கூட வா என்று என்னையும் இழுத்துப்போனாள். அவளுக்குக் குரல் கட்டை. தாளத்துக்கு முன்னாலேயே ஓடுகிறாள். கடைசி வரிசையில்தான் நிறுத்தியிருக்கிறார்கள். அப்படியும் பாட்டு நடத்துகிற அம்மாள் போன வாரம் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள்.

“இசோகோ அம்மா, மெதுவா. மத்தவங்களும் வரணும்ல?”

“வரட்டும். நான் முன்னாடி போயி எடம் பிடிச்சு வைக்கிறேன்,” என்றாள் இசோகோ.

நாங்கள் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தோம்.