முப்பத்தேழாம் கிணறு

இளநீரைக் குடிக்குமுன் அதற்குள் மீற்றரை விட்டுப் பார்த்தாள் நிலாந்தினி. பேனை போன்ற மெல்லிய கருவி. தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று சொல்லும். இலக்கத்தைக் கொப்பியில் எழுதிய பிறகுதான் வாயில் வைத்தாள். மழைத்தண்ணீர், கோயில் தீர்த்தம், காய்ச்சலுக்கு அவித்த கொத்தமல்லி, எல்லாமே அந்தக் கொப்பியில் இருக்கின்றன. அளந்ததை அவள் எழுதாமல் விட்டதில்லை.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய வேலை, மடிக்கணினிக்குள் ஒரு வேலணைத் தீவை வளர்ப்பது. மழை, கடல், தோட்ட இறைப்பு எல்லாம் அங்கே சமன்பாடுகளாக ஓடும். எந்தக் கிணறு எப்போது உவராகும் என்று அது முன்கூட்டியே சொல்லும். அதை அவள் 'எங்கட ஆள்' என்பாள். பஸ்ஸில் சாரல் அடித்தால் குடை மடிக்கணினிக்குத்தான்; அவள் நனைவாள். கொண்டக்டர் றொமேஷ் ரிக்கற் கிழிக்கும்போதே விசாரிப்பான்.

"ஆள் இண்டைக்கு என்ன சொல்லுறார், அக்கா?"

"முப்பத்தேழோட கோவம்."

நாற்பத்திரண்டு கிணறுகளில் நாற்பத்தொன்று ஆளின் சொல்லுக்கு அடங்கிவிட்டன. மண்கும்பானில் மீனாம்பிகை வீட்டுக் கிணறு, இலக்கம் முப்பத்தேழு, மட்டும் அடங்கவில்லை. கடல் கூப்பிடு தூரம். உவராகத்தான் இருக்கவேண்டும் என்கிறது கணினி. மாதாமாதம் அந்த வீட்டில் விடிய நிரப்பிவைக்கும் போத்திலோ நானூறுதான், நல்ல தண்ணீர் என்கிறது. வெள்ளிக்கிழமை அறிக்கை போகவேண்டும். அதை வைத்துத்தான் ஊருக்குப் பொதுக்கிணறு எங்கே வெட்டுவதென்று முடிவாகும். ஒரு கிணறுதானே, விட்டுவிடும் என்றார் பேராசிரியர். ஏலாது என்றாள். ஆறு முறை தீவையே பிரித்துக் கட்டினாள். நிலத்தடியில் இல்லாத ஒரு பாறையைக்கூட வைத்துப் பார்த்தாள். மற்றக் கிணறுகள் கலகம் செய்தன.

புதன்கிழமை வழமைக்கு ஒரு பஸ் முந்தி வந்து இறங்கினாள். மீனாம்பிகை குசினியில் போத்திலை நிரப்பிக்கொண்டிருந்தார். கிணற்று வாளியிலிருந்து அல்ல. தண்ணீர் லொறியான பவுசரில் வாங்கிவைத்த குடிதண்ணீர்க் குடத்திலிருந்து.

"அக்கா, இது கிணத்துத் தண்ணியில்லையே?"

"கம்பசுக்குப் போற தண்ணி, பிள்ளை. உந்த உவரையோ குடுத்துவிடுறது? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?"

நான்கு மாதமும் இதே மரியாதைதான் நடந்திருக்கிறது. நிலாந்தினி கிணற்றடிக்கு ஓடி வாளியை விட்டாள். மீற்றர் மூவாயிரத்து நானூறு என்றது. ஆள் முதல் மாதமே சொன்னது அதற்கு இருபதுதான் குறைவு. உவரைக் கண்டு அவள் துள்ளிய துள்ளலில் மீனாம்பிகையின் முகம் சுருங்கிப்போனது. அறிக்கையில் வீட்டுப் பெயர் வருமோ என்று கேட்டார். இலக்கம் மட்டுந்தான் என்ற நிலாந்தினி, அவரைத் தேற்றுவதற்காக, கிணற்றுத் தண்ணீரிலேயே ஒரு தேத்தண்ணி கேட்டாள். தான் ஒன்றும் விருந்தாளி இல்லையாம்.

தேத்தண்ணி வந்தது.

"கிணத்துத் தண்ணிதான், பிள்ளை. நீர் சொன்ன மாதிரியே போட்டனான்."

பிஸ்கற் எடுக்க அவர் உள்ளே திரும்பியதும் மீற்றர் கோப்பைக்குள் இறங்கியது. நானூறு. பவுசர்த் தண்ணீரேதான்.

கொப்பியைத் திறந்தாள். பேனையின் மூடியையும் கழற்றினாள். பிறகு மூடியை மாட்டி, கொப்பியை மூடி, மீற்றரைச் சட்டை நுனியில் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தாள்.