மாந்தோப்பில் நுரைத்த திராட்சை ரசம்: ராஜபாளையத்திலிருந்து ஒரு சனிக்கிழமைப் பயணம்

தயவுசெய்து இதை யாருக்கும் அனுப்பாதீர்கள். படியுங்கள், பிடித்திருந்தால் நீங்களும் போய் வாருங்கள். ஆனால் குடும்பக் குழுவிலோ சபைக் குழுவிலோ போட்டுவிடாதீர்கள். ராஜபாளையத்தில் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் கெஞ்சிக் கேட்கிறேன், அவர்களிடம் வாயே திறக்காதீர்கள். எங்கள் ஊரில் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருவர் தும்மினால் புது பஸ் ஸ்டாண்டில் ‘நூறு’ என்பார்கள். என் பெயரையும் கேட்காதீர்கள். ப்ளஸ் டூ படிக்கிறேன் என்பது போதும்.

இன்று நான் போனது நுரைக்கும் திராட்சை ரசத்தைச் சுவைத்துப் பழகும் நிகழ்ச்சிக்கு. போனதற்குக் காரணம் ரசம் இல்லை, அதை நடத்தியவர். அவர் என் கிரேஸ் சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. நாசிக் பக்கம் ஓர் ஒயின் கம்பெனியில் வேலை பார்க்கிறார். நுரைக்கும் ஒயின் பதமாக வந்திருக்கிறதா என்று முகர்ந்தும் சுவைத்தும் சொல்வதுதான் அவர் வேலை. அப்பாவின் தம்பி குடித்தே இறந்தவர். அவரை அடக்கம் செய்த அதே வருடம் சித்தி இந்த வேலையில் சேர்ந்தார். “அந்தப் பாட்டிலத் தொட்ட கை என் வீட்டு வாசல்ல படக் கூடாது” என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அதன் பிறகு எங்கள் வீட்டில் சித்தியின் பெயரை யாரும் சொன்னதில்லை. சித்தியோடு பேசுவது தெரிந்தால் ப்ளஸ் டூவோடு என் படிப்பு நின்றுவிடும் என்று அப்பா ஒருமுறை என்னிடம் தனியாகவும் சொல்லியிருக்கிறார். அவர் சும்மா சொல்கிறவர் இல்லை.

சித்தியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை வேறு பெயரில் பார்த்துவருகிறேன். போன வாரம் ஓர் அறிவிப்பு வந்தது: ‘ஸ்ரீவில்லிபுத்தூர் மாந்தோப்பில் சனிக்கிழமை. ஒயின் சுவைக்கும் முறையில் நுரைக்கும் பழரசங்கள். போதை துளியும் இல்லை, பிள்ளைகளும் வரலாம்.’ சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்று வீட்டில் சொன்னேன். அதனால் யூனிபார்மில்தான் போக வேண்டியதாயிற்று.

இனி பயணம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர் போல. காலை எட்டே முக்காலுக்கு டவுன் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அரை மணி நேரத்தில் போய்விடும். வலது பக்க ஜன்னலில் வெயில் அடிக்கும், இடது பக்கம் உட்கார்ந்தால் வழி நெடுக மலை தெரியும். நானும் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன், மலையைப் பார்க்கத்தான் முடியவில்லை. ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். எங்கள் சபைப் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கும் எஸ்தர் அத்தை.

“ஏட்டி, ஸ்கூலு அங்கிட்டு இருக்கு, நீ இங்கிட்டு எங்க போற?”

“பால்கோவா வாங்க, அத்தை. கூடப் படிக்கிற பிள்ளைக்குப் பிறந்த நாளு.”

“ராஜபாளையத்துல விக்காத பால்கோவாவா?”

“அங்கனதான் அடுப்புல இருந்து சூடா எடுத்துத் தருவாக.”

“அதுவும் சரிதான். அப்ப எனக்கும் கால் கிலோ வாங்கிரு. நாளைக்குக் கோயில்ல வச்சுக் குடு.”

நாளைக்குக் கோயிலில் என் பக்கத்தில் அப்பா நிற்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து செண்பகத்தோப்பு ரோட்டில் ஆட்டோ பிடிக்க வேண்டும். இருநூறு கேட்பார்கள், நூற்றைம்பதுக்கு வருவார்கள்.

“அந்த மாந்தோப்பா? காலையிலயே ரெண்டு சவாரி விட்டேன்” என்றார் ஆட்டோக்கார அண்ணன். “மதுரையில இருந்து காரைக் கட்டி வந்து சோடா குடிக்காகளாம். அங்க கோலி சோடா கிடைக்காதா?”

“சோடா இல்லண்ணே, திராட்சை ரசம்.”

“நுங்கும் நுரையுமாப் பொங்குனா எல்லாம் சோடாதான் பாப்பா.”

தோப்பு மலையை ஒட்டி இருக்கிறது. மாமரங்களுக்கு நடுவே நீள மேசை, வெள்ளைத் துணி, ஐஸ் நிரப்பிய அண்டாவுக்குள் கழுத்து மட்டும் தெரியும் பாட்டில்கள். கட்டணம் ஆளுக்கு முந்நூற்றைம்பது. பன்னிரண்டு பேர் வந்திருந்தோம். யூனிபார்மில் இருந்தது நான் ஒருத்திதான். துப்பட்டாவால் பள்ளி பேட்ஜை மறைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் தோப்புக்காரரின் சித்தப்பா, வேட்டி கட்டிய பெரியவர், மிடுக்காக உட்கார்ந்திருந்தார்.

சித்தி வந்தார். கறுப்புச் சேலை, பின்னல் போடாத முடி, அம்மாவின் அதே நெற்றி. எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். என்னையும் பார்த்துச் சிரித்தார். யாரோ ஒரு பிள்ளையைப் பார்க்கிற சிரிப்பு அது. நான் அதற்குள் எம்புட்டு வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டிலைத் திறப்பதிலேயே எனக்கு முதல் ஆச்சரியம். பட்டாசு மாதிரி வெடிக்கும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயந்து தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி தக்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டிலை மட்டும் மெல்லத் திருகினார். தூங்குகிற குழந்தை மூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

“வெடிச்சா பாதி நுரை காத்தோட போச்சுன்னு அர்த்தம்” என்றார். “உள்ள இருக்கிறதத் தப்ப விடாம திறக்கணும்.”

கிளாஸ் உயரமாக, ஒல்லியாக இருந்தது. தண்டைத்தான் பிடிக்க வேண்டும், மேலே பிடித்தால் கைச்சூட்டில் குளிர் போய்விடும். அதில் இரண்டு விரல் உயரத்துக்குப் பச்சைத் திராட்சை ரசம் ஊற்றினார். பெரியவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்தார்.

“இம்புட்டு ஊத்துனா தொண்டை நனையுமாம்மா?”

“நாலு வகை இருக்குங்கய்யா. நாக்குல வச்சுப் பாத்துட்டு இந்த வாளியில துப்பிரலாம்.”

“துப்பணுமா? முந்நூத்தம்பது ரூவா குடுத்துத் துப்பவா வந்தேன்? எங்க தோப்பு வாய்க்கால்ல சும்மாவே துப்பிட்டுப் போவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும்தான்.

முதலில் கண்ணால் பார்க்கச் சொன்னார். கிளாஸின் அடியிலிருந்து குமிழிகள் ஒற்றை இழையாக மேலே ஏறிக்கொண்டே இருந்தன, அறுபடவே இல்லை. என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை செய்கிறார். ஒரு நூலை விரலில் தடவியே எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். அவர் மட்டும் பார்த்திருந்தால் ‘நூறாம் நம்பரு, சுத்தமான இழை’ என்றிருப்பார். நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசு. அப்படி ஒரு நயம்.

“இப்பக் காது” என்றார் சித்தி. “முகர்றதுக்கு முன்னாடி கிளாஸைக் காதுல வச்சுக் கேளுங்க. இது எங்க கம்பெனியில சொல்லிக்குடுத்தது இல்ல, எங்க வீட்டுப் பாடம்.”

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தபடி கிளாஸைக் காதில் வைத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு கேட்டேன். தகரக் கூரைமேல் தூறல் விழுகிற சத்தம். இதை நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் அம்மா திராட்சையைப் பிசைந்து பீங்கான் ஜாடியில் ஊற வைப்பார். தினமும் குனிந்து ஜாடியில் ஒரு காதை வைப்பார், இன்னொரு காதைப் பொத்திக்கொள்வார். ‘பேச ஆரம்பிச்சுட்டு’ என்பார். அதை வடிகட்டி, சபைத் திருவிருந்துக்கு அப்பாதான் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போவார்.

கண்ணைத் திறந்தபோது சித்தி என் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் இருந்த பாட்டிலை மேசையில் வைத்தார்.

“இன்னொரு காதப் பொத்திக்கிட்டுக் கேக்கிறது எங்க வீட்டுல மட்டுந்தான்” என்றார், மிக மெதுவாக.

தலையை மட்டும் ஆட்டினேன். சித்தி என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, எல்லோரையும் பார்த்து, “சரி, இப்ப முகருங்க” என்றார். குரல் உடைந்திருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

ரசங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதலாவதில் பேக்கரி வாசலில் காலையில் வரும் வாசனை. நாக்கில் வைத்தால் புளிப்பு, பிறகு சின்னச் சின்னக் குத்தல், பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு சுத்தம். இரண்டாவது கம்பத்துப் பன்னீர் திராட்சை, நிறமே கண்ணைப் பறிக்கிறது. மூன்றாவதை முகர்ந்து, “மழை பேஞ்சு ஓஞ்ச பொறவு தீப்பெட்டி ஆபீஸ் பக்கம் போன மாதிரி இருக்கு” என்றார் பெரியவர். சித்தி துள்ளிவிட்டார். அந்தச் சிறு நெருப்பு வாசனையைப் பிடிக்க அவருக்கு ஒரு வருடம் ஆனதாம். நான்காவது எங்கள் ஊர்ச் சப்பட்டை மாம்பழத்தில் செய்தது. அதைப் பெரியவர் துப்பவில்லை. நானும்தான்.

பன்னிரண்டரைக்கு எல்லோரும் போன பிறகு மரத்தடியில் சித்தியும் நானும் மட்டும் இருந்தோம்.

“சொல்லாமலா வந்த?”

“ஆமா சித்தி.”

“தப்புட்டி. இனி எங்க போனாலும் ஒருத்தர்ட்டயாவது சொல்லிட்டுப் போகணும்.” மேசைத் துணியை மடிக்கத் தொடங்கினார். “அத்தான் இன்னும் அப்படித்தான் இருக்காகளா?”

“அப்படித்தான்.”

“அவியளக் குத்தம் சொல்ல முடியாது. தம்பிய மண்ணுல வச்சவுக.” பிறகு கேட்டார்: “அக்கா என்னையப் பத்திப் பேசுவாளா?”

இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “ஜாடியில காது வைப்பாக” என்றேன். சித்தி அழுதுகொண்டே சிரித்தார்.

முதல் பாட்டிலின் தக்கையை என் கையில் வைத்தார். காளான் மாதிரி தலை, மெத்தென்று இருந்தது. அம்மாவும் சித்தியும் சிறு பிள்ளைகளாக இருந்தபோது, தாத்தா தூங்கியதும் அம்மா மருந்துச் சீசாவின் தக்கையால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாராம். எழுந்து வா, ஜாடியில் காது வைத்துக் கேட்கலாம் என்று அர்த்தமாம். விரலால் தட்டினால் தாத்தா விழித்துக்கொள்வார், தக்கையின் சத்தம் அடுத்த அறையைத் தாண்டாது.

“இத அக்காட்ட சேத்துரு. ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்கு ராத்திரி எனக்கு ரயிலு. சாயங்காலம் ஆறு மணியில இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன்ல நிப்பேன். கேட்டா மட்டும் சொல்லு.”

திரும்பும்போது கால் கிலோ பால்கோவா வாங்கி, புத்தகப் பைக்குள் ஒளித்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா, “ஏட்டி, ஸ்பெஷல் கிளாஸு இம்புட்டு நேரமா? வா, உனக்குன்னு எடுத்து வச்சேன்” என்று ஒரு தட்டை நீட்டினார். நறுக்கிய சப்பட்டை மாம்பழம். நான்காவது கிளாஸின் அதே வாசனை. என் வாயில் அதைத் தவிர வேறொரு வாசனையும் இல்லை, இருந்தாலும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் எப்போதும்போல் கொட்டையை எனக்கே கொடுத்தார். அப்பா, இதே பழத்தை நுரையாகக் குடித்துப் பார்த்தேன், உங்கள் நூல் மாதிரியே இழை இழையாக ஏறுகிறது என்று சொல்லத் துடித்தேன். சொல்லவில்லை.

அம்மாவிடமும் கையில் கொடுக்கத் தைரியம் வரவில்லை. அம்மா அப்பாவிடம் எதையும் மறைத்ததில்லை. அதனால் சமையலறையில் உப்பு ஜாடிக்குள், உப்பின் மேலேயே தக்கையை வைத்து மூடிவிட்டேன். ராத்திரி மாவு ஆட்டி முடித்ததும் உப்புப் போட அம்மா மட்டும்தான் அதைத் திறப்பார். ஒன்று, அம்மா அதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடம் கேட்பார். இல்லையென்றால் தூக்கிப் போட்டுவிட்டு நாளைக்கும் பேசாமல் இருப்பார். மூன்றாவதாக ஒன்று நடக்க வேண்டும் என்றுதான் போர்வைக்குள் செல்போனை வைத்து இதை எழுதிக்கொண்டே வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை நடக்கும்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். செண்டு போட்டுக்கொள்ளாதீர்கள், யாருக்கும் ரசத்தின் வாசனை தெரியாது. ஆட்டோக்காரரைத் திரும்ப வரச் சொல்லி நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், அந்த ரோட்டில் மதியம் வண்டி கிடைப்பது கஷ்டம். முக்கியமாக, என்னை மாதிரிப் பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் ஒருவரிடமும் சொல்ல முடியாமல் இருப்பது

கிரைண்டர் நின்று கொஞ்ச நேரம் ஆகிறது. உப்பு ஜாடி மூடியின் சத்தமும் கேட்டது. அப்பா அறையில் விளக்கு இல்லை. யாரோ நடந்து வருகிறார்கள். கதவைத் தட்டுகிறார்கள். அப்பா தட்டினால் தாழ்ப்பாள் ஆடும், இது ஆடவில்லை. இரண்டே தட்டு. மெத்தென்று. விரல் தட்டுகிற சத்தம் இல்லை இது