நின்ற வண்டி குடித்த டீசல்

எனக்குச் சந்தேகம் வரப் பெரிய காரணம் வேண்டியதில்லை. காய்கறிக்காரர் சிரித்தாலே தராசைப் பார்ப்பேன். இரண்டாயிரங்களின் நடுவில் என் கணவர் டர்போ டீசல் வண்டி ஒன்றை, ஏழு பேர் உட்காரக்கூடியதை, வாங்கியபோது முதலில் ஷோரூம்காரரைத்தான் சந்தேகப்பட்டேன். "டர்போ மேடம். பவரும் இருக்கும், மைலேஜும் இருக்கும்" என்றார். பெண் அழகும் அழகு, குணமும் தங்கம் என்கிற கல்யாணத் தரகரின் குரல் அது. இத்தனைக்கும் வீட்டில் நாங்கள் மூன்றே பேர், அதில் மகள் விடுதியில்.

வீடு செங்கல்பட்டில். அவருக்குக் கடலோரம், சதுரங்கப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஆபீஸ். நான் உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு டீச்சர். அதனால் மைலேஜ் பார்ப்பது என் பொறுப்பாயிற்று. சனிக்கிழமைதோறும் பங்கில் டேங்கைக் கழுத்துவரை நிரப்புவோம். நுரை அடங்க அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் வண்டியைப் பிடித்து ஆட்டுவோம். பிறகு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வோம். புடவை கட்டிய டீச்சர் வண்டியை உலுக்குவதைப் பார்க்கவே எதிர் டீக்கடையில் ஆள் நிற்கும்.

கணக்கு உதைத்தது. ஷோரூம்காரர் சொன்னதற்குக் கிட்டவே வரவில்லை. பம்ப் அளவு சரிதானா என்று பங்க்காரரைக் கேட்டேன்.

"இன்னாம்மா நீ, வாராவாரம் பேஜார் பண்ற? சந்தேகமா கீதுன்னா அளவு கேன்ல புட்சுப் பாரு."

பிடித்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. அதற்கும் அவர் மேல்தான் கோபம் வந்தது.

கணவர் சாலையைக் குறை சொன்னார். திருக்கழுக்குன்றம் கடைத்தெருவில் மாடு, ஆட்டோ, வேகத்தடை. நின்று நின்று மிதித்தால் டர்போ குடிக்கத்தானே செய்யும்? நியாயமாகத்தான் பட்டது. ஆனால் பள்ளி விடுமுறையில் ஒரு வாரம் தினமும் அவரோடு போய், ஆபீஸ் பக்கத்திலிருந்த தங்கை வீட்டில் இருந்துவிட்டு, சாயங்காலம் அவரோடே திரும்பினேன். அதே சாலை, அதே மாடுகள். மைலேஜ் ஏறிவிட்டது. பள்ளி திறந்ததும் பழையபடி இறங்கியது. ஓடிய தூரத்திலோ வித்தியாசமே இல்லை.

அப்படியானால் நான் இல்லாதபோது வண்டி எங்கேயோ நின்றபடியே டீசலைக் குடிக்கிறது. ஏ.சி. போட்டுக்கொண்டு நிற்கிறது. யாரோடு? அவர் செருப்பைக் கழற்றும்போதே ஏன் லேட், யார் போனில், மத்தியானம் யாரோடு சாப்பிட்டீர்கள் என்று தொடங்குகிற நான், இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பதிலுக்குப் பயந்தேன்.

ஒரு நாள் பள்ளியில் மீட்டிங் முடிந்து தாமதமாக நடந்து வந்தேன். ஏரிக்கரையில், எங்கள் தெருவுக்கு முந்தின திருப்பத்தில், கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி எங்கள் வண்டி உறுமிக்கொண்டு நின்றது. ஓடிப்போய் இடது பக்கக் கதவைத் திறந்தேன். சீட் காலி. பின்சீட்டும் காலி. அவர் மட்டும் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டர்போ சூடா இருக்கும். உடனே ஆஃப் பண்ணக்கூடாது, ஆறணும்" என்றார்.

"அதுக்கு ஒரு நிமிஷம் போதும்னு ஷோரூம்லயே சொன்னாங்களே. எவ்ளோ நேரமா நிக்கிறீங்க? தினமும் இங்கதானா?"

"பாரு, ஆரம்பிச்சுட்ட." குரல் உயரவில்லை. "வூட்டுக்குள்ள வந்தா பதில் சொல்லிக்கினே இருக்கணும். இங்க யாரும் எதுவும் கேக்கறதில்ல."

இன்னொருத்தி உட்கார்ந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். காலி சீட்டோடு எப்படிச் சண்டை போடுவது?

மறுநாளிலிருந்து அவர் ஏரிக்கரையில் நிற்கவில்லை. வாசலுக்கு வந்த கையோடு ஆஃப் செய்தார். நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அந்தச் சனிக்கிழமை மைலேஜ், ஷோரூம்காரர் சொன்னதைத் தொட்டது. "பாத்தியா, நல்ல வண்டி" என்றார். எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் பிளாஸ்கில் காபியோடு வாசலிலேயே நின்றேன். அவர் சாவியில் கை வைக்கும் முன் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன்.

"ஆஃப் பண்ணாதீங்க. ஏரிக்கரைக்குப் போங்க."

போய் நிறுத்தினார். நான் காபியை ஊற்றிக் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை.

"எதுக்கு இங்க? இன்னா விஷயம்? யாராவது எதனா சொன்னாங்களா?"

தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காபியைக் குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.