தோளுக்கு ஒரு பென்சில் கோடு

ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களில் நான் வேகப்பந்து வீசுகிறவன். வேகம் என்பது நாற்பத்தேழு வயதுக்காரனின் கணக்கில். கிள்ளான் அணிக்கு எதிராக மூன்றாவது ஓவர் வீசும்போது வலது தோளில் சுரீர் என்றது. பந்து எங்கேயோ போனது. அதற்குப் பிறகு கை மேலே வரவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் போனேன். "தசைநார் லேசா கிழிஞ்சிருக்கு அங்கிள். ஆறு வாரத்துக்குப் பந்தைத் தொடாதீங்க" என்றாள். கிழிந்ததைவிட அந்த 'அங்கிள்'தான் அதிகம் வலித்தது. ரப்பர் பட்டையை இழுக்க வேண்டும். சுவர் முன் நின்று, விரல்களால் மெல்ல மெல்ல மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் தினமும் பென்சிலால் கோடு போடச் சொன்னாள். ஆறு வாரம் முடிந்த மறுநாளே கிள்ளான்காரர்களோடு மறு ஆட்டம். என் மானம் மரியாதை எல்லாம் அந்தச் சுவரில்தான் இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நான் ராஜா ஆனேன். அரிசி மூட்டை, சமையல் கேஸ் நிரம்பிய தோங், ஈரத்துணி வாளி எல்லாவற்றையும் மனைவியே தூக்கினாள். "நீங்க தொடாதீங்க" என்றாள். தொடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கும் நல்ல குணம் எனக்கு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. கோயிலிலும் தேநீர் குடிக்கும் மாமாக் கடையிலும் லிஃப்டிலும் எல்லாரும் என் தோளை விசாரித்தார்கள். நானும் சலிக்காமல் அந்த மூன்றாவது ஓவரை இடது கையால் வீசிக் காட்டினேன்.

ஐந்தாவது வாரம், வரப்போகும் தீபாவளிக்கு முறுக்கு பிழிய மனைவி உட்கார்ந்தாள். அச்சைத் திருகும்போது பல்லைக் கடித்துக்கொண்டாள். மாவு கெட்டியாகிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு, வெந்ததை எடுத்து ருசி பார்த்தேன்.

ஆறாவது வாரம் சனிக்கிழமை, என் கோடு கதவு நிலையைத் தாண்டிவிட்டது. பெருமை தாங்கவில்லை. நல்ல தோள் எவ்வளவு ஏறும் என்று ஒத்துப் பார்க்க மனைவியைக் கூப்பிட்டுச் சுவர் முன் நிறுத்தினேன்.

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்" என்றபடி விரல்களை ஏற்றினாள். பாதியில் நின்றாள். முகம் சுளித்தது.

"இவ்ளோதான் வருது."

அது என் முதல் நாள் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. அவள் குள்ளம் என்று மனதைத் தேற்றப் பார்த்தேன். அவள் என்னைவிட இரண்டு விரல்கடைதான் குறைவு.

"எத்தனை நாளா இப்படி?"

"போன தீபாவளியிலேர்ந்து. துணி காயப்போடும்போதுதான் ரொம்ப வலிக்கும். தானா சரியாப் போயிடும்னு விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு வருடமாக வலித்த கையால்தான் ஆறு வாரமாக சும்மா கிடந்த என் கிரிக்கெட் பையையும் தூக்கி வைத்திருக்கிறாள். அன்றே பிசியோதெரபி பெண்ணுக்குப் போன் செய்து, மனைவிக்கு நாள் கேட்டு வாங்கினேன்.

மறுநாள் காலை ஆட்டத்துக்கு அணித்தலைவன் போனில் அழைத்தபோது, நான் முறுக்கு அச்சும் கையுமாக அடுப்படியில் இருந்தேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, என் முறுக்குகள் எதுவும் வட்டமாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணே இருக்கீங்க? தோள் இன்னும் சரியாகலையா?"

"எனக்குச் சரியாயிடுச்சி. உங்க அண்ணிக்குத்தான் தோள் முடியல."

"அண்ணியும் பவுலிங் போடுறாங்களா?"

"ஆமா லா. எங்க வீட்டுல பதினெட்டு வருசமா. ரெண்டு எண்டுலயும் அவங்களேதான்."