அண்ணா வராமல் போன சனிக்கிழமைகள்

கிரான்பர்னில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, சனிக்கிழமை மத்தியானம் என்றால் அண்ணாவுக்கும் சேர்த்துத்தான் உலை வைப்பேன். அண்ணா எனக்கு நன்றாக மூத்தவர். நான் கலியாணமாகி இங்கே வருவதற்குப் பல வருஷங்களுக்கு முன்னமே அகதியாகத் தனியே வந்து சேர்ந்தவர். டண்டினோங்கில் ஒரு வீட்டின் பின்பக்கத்து யூனிற்றில் இருக்கிறார். மரக்கறி பொதி செய்யும் இடமொன்றில் பாரம் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். கலியாணம் செய்யவில்லை. ஏனென்று யாராவது கேட்டால் "நேரம் போட்டுது" என்பார், ஏதோ பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி.

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் விருந்தாளியைவிடப் பணிவாக இருப்பார். சப்பாத்தைக் கராஜிலேயே கழற்றி வைப்பார். சாப்பிட்ட கோப்பையை நான் வாங்குவதற்கு முன் தானே கழுவிக் கவிழ்த்துவிடுவார். அதற்கு என் கணவரின் கார்பெட்டும் ஒரு காரணம். வீடு கட்டும்போது எல்லோரும் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, முன்னறைக்கு வெண்ணெய் நிறக் கார்பெட் போட்டவர் அவர். தேத்தண்ணி குசினியோடு சரி, முன்னறைக்கு வரக்கூடாது. அவர் கோபித்துக் கத்துகிற ஆளில்லை. ஏதாவது பிழை கண்டால் கண் அந்த இடத்துக்குப் போகும், போய் அங்கேயே நிற்கும். வாய் திறக்காது. அந்தப் பார்வைக்கு ஏச்சே பரவாயில்லை.

அண்ணாவுக்கு மட்டும் ஒரு சலுகை இருந்தது. சாப்பிட்டதும் சாரத்தைக் கட்டிக்கொண்டு, தலைக்கு ஒரு குஷனோடு முன்னறைத் தரையில் படுத்துவிடுவார். சோபா முதுகுக்கு ஒத்துவராது. அவர் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டு குசினியில் பாத்திரம் துடைக்கும்போது எனக்கு மனம் நிறைந்திருக்கும்.

போன குளிர்காலத்தில் அவருக்கு இருமல் பிடித்து விடவே இல்லை. டொக்டர் பயப்படுத்தியதில் சிகரெட்டை விட்டார். அகதி முகாமில் தனியாக இருந்த காலத்திலிருந்து அவரோடு கூடவே வந்தது அது. ஒரேயடியாக விடமுடியாமல், மருந்துக்கடையில் வேப் என்கிற மின்சிகரெட் வாங்கிப் பழகினார். சின்ன போத்தலிலிருந்து அதற்குள் திரவம் ஊற்ற வேண்டும். புதினா வாசம். சட்டைப் பையில் வேப்பையும் போத்தலையும் ஒளித்து வைத்துக்கொண்டு, "மரத்துக்குத் தண்ணி விட்டுட்டு வாறன்" என்று பின் வேலியோரம் போவார். எனக்குத் தெரியும். தெரியாததுபோல் இருந்தேன். இருமல் குறைந்ததே எனக்குப் போதும்.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. "வேலை கூடப் பிள்ளை" என்றார். அடுத்த கிழமை முதுகு நோகிறது என்றார். அதற்கடுத்த கிழமை தொலைபேசியை எடுக்கவில்லை. நான் என்ன சொன்னேன், என்ன செய்தேன் என்று மனதுக்குள் தேடித் தேடிக் களைத்துப் போனேன். சமைத்த மீன்குழம்பு ஞாயிறும் திங்களும் எங்களோடு இழுபட்டது. கணவரிடம் கேட்டால், "வேலையாய் இருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. அப்படி ஒரு வெள்ளிக்கிழமை முன்னறைக்கு வாக்குவம் பிடித்துத் தூசி எடுத்துக்கொண்டிருந்தேன். யன்னலோரம் நிற்க வேண்டிய பெரிய கதிரை ஒரு எட்டு உள்ளே தள்ளி நின்றது. இழுத்தேன். கீழே, சோற்றுக் கோப்பை அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. தொட்டால் கையில் ஒட்டியது. தும்பெல்லாம் நனைந்த பூனையின் மயிர்போல் முறுகி எழும்பி நின்றது. நடுவில் மட்டும் பிளீச் பட்டு வெளிறியிருந்தது. குனிந்து மணந்து பார்த்தேன். புதினா.

படுத்திருந்தபோது சட்டைப் பையிலிருந்த போத்தல் மூடி கழன்று கொட்டியிருக்கிறது. அதை மறைக்கக் கதிரையை இழுத்து வைத்திருக்கிறார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வயதில், தங்கச்சிக்குப் பயந்து தளபாடம் நகர்த்தியிருக்கிறாரே என்று. சிரித்து முடிவதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்காகவா வராமல் இருந்தார்?

பின்னேரம் கணவர் வேலையால் வந்ததும் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு மெதுவாகத் தொடங்கினேன். "இஞ்சாருங்கோ, முன்னறையிலை ஒரு கறை..."

"கதிரைக்குக் கீழையோ?" என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்? அண்ணாதானே கதிரையை இழுத்து மறைச்சவர்?" என்றேன்.

"கதிரையை இழுத்து வைச்சது அவரில்லை. நான்தான்."

அண்ணா கடைசியாக வந்த சனிக்கிழமை, நான் கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போன நேரம் நடந்திருக்கிறது. கணவர் கராஜிலிருந்து உள்ளே வர, அண்ணா முழங்காலில் நின்று, குளியலறைத் தூரிகையால் கார்பெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் பிளீச் போத்தல். 

"என்னைக் கண்டதும் எழும்பி நிண்டார். சட்டையெல்லாம் ஈரம். நான் அவரைப் பாக்கேல்லை, கறையைத்தான் பாத்தன். பிறகு கதிரையை இழுத்து மேலை வைச்சிட்டுக் கராஜுக்குப் போயிட்டன்."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"ஏசினால் அவருக்கு நோகுமெண்டு சொல்லாமல் விட்டன்." தேத்தண்ணிக் கோப்பையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். "அதுதான் பிழைச்சுது. போன கிழமையும் எடுத்துக் கதைப்பமெண்டு போனைக் கையிலை வைச்சுக்கொண்டிருந்தனான். என்னெண்டு தொடங்கிறதெண்டு தெரியேல்லை."

எனக்கு வந்த கோபத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் என்னையே குற்றம் சொல்லித் திரிந்த நாட்களிலெல்லாம் இந்த மனிதர் விஷயம் தெரிந்துகொண்டு பக்கத்தில் படுத்திருந்திருக்கிறார். ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்ததும் ஏச முடியவில்லை. அவரும் நித்திரை கெட்டுத்தான் இருந்திருக்கிறார்.

அடுத்த நாள் காலை டண்டினோங்குக்குப் போனோம். போகும் வழியில் கணவர் ஒரு சுப்பர்மார்க்கெட்டில் நிறுத்தி, வாடகைக்குக் கொடுக்கும் கார்பெட் கழுவும் மெஷின் ஒன்றை எடுத்துக் காரில் ஏற்றினார்.

அண்ணா கதவைத் திறந்ததும் எங்களைக் கண்டு திகைத்துப்போனார். பின்னால் கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டை தொங்கியது. பையைச் சுற்றி மஞ்சளும் பழுப்புமாகக் கறை படர்ந்திருந்தது.

"வாங்கோ, வாங்கோ... வீடெல்லாம் குப்பையாக் கிடக்கு" என்றார்.

கணவர் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று, "மச்சான், கார்பெட் மெஷின் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன். சரியான பாரம். இறக்க ஒரு ஆள் வேணும்" என்றார். பிறகு, "அண்டைக்கு நான் அப்பிடிப் பேசாமல் போயிருக்கக் கூடாது" என்றார்.

அண்ணா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "இந்த ஊரிலை எனக்கெண்டு போய்ப் படுத்தெழும்ப ஒரு வீடுதான் இருந்தது, பிள்ளை. அதையும் ஊத்தையாக்கிப் போட்டனெண்டு..." 

முடிக்க விடாமல், "அந்தச் சட்டையையும் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றேன். அதற்குமேல் பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் மூவருக்கும் ரப்பர் கையுறை போட்டேன். அந்தத் திரவத்தில் இருக்கும் நிகொட்டின் தோலால் உள்ளே போகும் என்று முதல்நாள் தேடி வாசித்திருந்தேன். கார்பெட்டில் முன்பு பிளீச் பட்டிருந்ததால், அங்கே வினாகிரி ஊற்றினால் நச்சு வாயு வரும் என்றும் இருந்தது. அதனால் முதலில் வெறும் தண்ணீர். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் கோப்பை கழுவும் லிக்விட் சில துளி. சாயம் இறங்காத வெள்ளைத் துவாய்களை நனைத்து, கறையின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒத்தி எடுக்க வேண்டும். அண்ணாவோ பழைய வேகத்தில் தேய்க்கத் தொடங்கினார்.

கணவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். "தேய்க்காதேங்கோ மச்சான், தும்பு பிஞ்சுபோம். இப்பிடி அமத்துங்கோ."

இரண்டு பேரும் அந்தக் கார்பெட்டில் நேருக்கு நேர் முழங்காலில் நின்று துவாயை அமத்தினார்கள். வெள்ளைத் துவாயில் தேத்தண்ணி நிறத்தில் பழுப்பு ஏறி வந்தது. ஒவ்வொரு துவாயையும் அண்ணா தூக்கி எனக்குக் காட்டினார். "பார், பார், வருது!" பிசுபிசுப்புப் போன பிறகு மெஷினை விட்டார்கள். அது உறிஞ்சிய தண்ணீரைப் பார்த்துக் கணவரே மூக்கைச் சுளித்தார். அதில் பாதி எங்கள் கால் ஊத்தை.

நான் சட்டையோடு மல்லுக்கட்டினேன். அதை அவர் முன்பொரு தடவை கொதிதண்ணியில் தோய்த்து, துணி உலர்த்தும் ட்றையரிலும் போட்டிருந்தார். சூடு பட்டால் கறை துணியில் இறுகிவிடும். பையை உட்புறமாகப் பிரட்டி, லிக்விட்டைத் தேய்த்து, வினாகிரி கலந்த குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்தேன். மிஞ்சியதைக் காயத்துக்குப் பூசும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து ஒத்தினேன். திரும்பத் தோய்த்து வெயிலில் போட்டபோது பையின் தையலோரம் மட்டும் ஒரு மெல்லிய மஞ்சள் கோடு தெரிந்தது. ஆபீசுக்குப் போட முடியாது, அண்ணாவுக்கு ஆபீசும் இல்லை.

கார்பெட் காய்ந்ததும் அப்பச்சோடா தூவி, கொஞ்ச நேரம் விட்டு, வாக்குவம் பிடித்தோம். புதினா மணம் போய்விட்டது. பழுப்பும் போய்விட்டது. பிளீச் பட்ட நடுப்பகுதி மட்டும் வெள்ளையாகவே இருந்தது. அண்ணாவின் முகம் திரும்ப வாடியது.

"இது கறையில்லை மச்சான், நிறம் போனது" என்றார் கணவர். "என்ன செய்தாலும் வராது. விடுங்கோ."

இந்தத் தடவை அவர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அண்ணாவின் தோளில் தட்டிவிட்டு, மெஷினைத் திருப்பிக் கொடுக்க அவரையும் கூட்டிக்கொண்டு போனார்.

போனவர்கள் வரவே இல்லை. சுப்பர்மார்க்கெட் கிட்டத்தான் இருக்கிறது. எனக்குப் பதற்றம் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் கார் வந்து நின்றது. டண்டினோங் சந்தை வரைக்கும் போய் நண்டு வாங்கி வந்திருந்தார்கள். வழியில் என்ன கதைத்தார்கள் என்று இரண்டு பேருமே இன்றுவரை சொல்லவில்லை. வேப்பை அண்ணா இன்னும் முற்றாக விடவில்லை. நிகொட்டின் குறைந்ததாகப் பார்த்து வாங்குகிறார், மரத்துக்குத் தண்ணி விடுகிற சாட்டும் இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு அவர் குசினியில் நண்டை உடைக்க, கணவர் உள்ளி உரித்தார். குழம்புக்கு முருங்கையிலை போடுவதா வேண்டாமா என்று இருவருக்கும் பெரிய வாக்குவாதம். நான் ஏதோ சொல்லப் போக, "நீ பேசாமல் போய் இரு பிள்ளை" என்று என்னைக் குசினியால் கலைத்துவிட்டார் அண்ணா.